ஔவையாரைக் காணாத கணினி: வணிகப் புதுமைக்கு முன் எழுத்தின் அடித்தளம்



இவ்வுரைத் தொடரில் பெரும்பாலும் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவது வழக்கம். இம்முறை வணிகத்தில் தொழில்நுட்பப் புதுமையைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் கேட்டபோது சற்றே தயங்கினேன். நான் வணிகம் அறிந்தவன் அல்லன். ஒலியனையும் உருபனையும் எண்ணிக்கொண்டே காலம் கழித்தவன். எனினும், ஓய்வுபெற்ற பின் எனக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இந்தத் தலைப்பினுள் என்னை இழுத்து விட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் என்னை அழைத்தனர். பெயர் வேண்டா. பள்ளிப் பிள்ளைகளுக்கான நூல்களையும் பயிற்சி ஏடுகளையும் இணையவழி விற்பவர்கள். வாடிக்கையாளரோடு தமிழில் உரையாடும் ஒரு மென்பொருளைத் தங்கள் தளத்தில் நிறுவ எண்ணியிருந்தார்கள். “பிள்ளைக்கு வயது எட்டு, கதை கேட்கப் பிடிக்கும், எந்த நூல் வாங்கலாம்?” என்று ஒரு தாய் கேட்டால் அது விடை சொல்ல வேண்டும். அதன் தமிழ் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதே எனக்கு இட்ட பணி. தமிழ் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஒற்றுப் பிழைகள் சில, அவ்வளவே.

பார்த்து முடித்தபின், வேலையோடு தொடர்பில்லாமல், தளத்தின் தேடல் பெட்டியில் ‘ஔவையார்’ என்று அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது கணினி. நான் உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே இருந்த அலமாரியிலோ, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், படக்கதை எனப் பத்துக்கு மேற்பட்ட ஔவையார் நூல்கள் வரிசையாக நின்றன.

காரணம் எளிது. ‘ஔ’ என்பது கணினிக்கு ஓர் எழுத்து. அதற்கென ஒரு குறியெண் உண்டு. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ‘ஒ’ என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையும் அடித்திருந்தார். பழைய தட்டச்சுப்பொறியில் பழகிய கை அப்படித்தான் அடிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அது ‘ஔவையார்’ அன்று. ‘ஒளவையார்’, அதாவது ஒகரத்தில் தொடங்கி ளகரத்தைத் தொடரும், உலகில் யாருமே தேடாத ஒரு சொல். உயிர்மெய்யிலும் இதே கதைதான். ‘சௌந்தரம்’ என்ற பெயரில் ஔகாரக் குறியை இடாமல் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டிருந்தால், அந்த அம்மையார் எந்தப் பதிவேட்டிலும் அகப்பட மாட்டார்.

அன்று என்னை உறுத்தியது அந்தப் பிழை அன்று. பிழை யாருக்கும் நேரும். உரிமையாளர் மேசைமேல் ஓர் அறிக்கை இருந்தது. தமிழில் தேடுவோரில் பெரும்பாலோர் எதையும் வாங்காமலே போகிறார்கள் என்று அது கூறியது. “தமிழ் நூல்களுக்குத் தேவை குறைந்துவிட்டது ஐயா. உரையாடு மென்பொருளும் கைகொடுக்காவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிடலாம் என்று இருக்கிறோம்” என்றார் அவர். வந்தவர்கள் தேடினார்கள், கடை ‘இல்லை’ என்றது, அவர்கள் போய்விட்டார்கள். கணக்கிலோ, தமிழ் வாசகர் இல்லை என்று ஏறியது.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். அடித்தளத்தில் உள்ள குறை அடித்தளத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை. மொழியின் கணக்கில், அம்மொழி பேசுவோர் கணக்கில் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கை நம்பியே அடுத்த முதலீடு தீர்மானிக்கப்படுகிறது.

இந்த அடித்தளம் நம் ஊருக்கு அந்நியமானது அன்று. அதன் ஒரு பகுதி இங்கே, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இட்டதுதான். இளையோர் பலர் இதை அறியார்.

1990களில் தமிழ்க் கணினி வணிகம் சூடு பிடித்திருந்தது. எழுத்துரு செய்வோர், சொற்செயலி விற்போர், அச்சகங்களுக்கு மென்பொருள் அமைத்துத் தருவோர் எனப் பலர். ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பதே அன்றைய உத்தி. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்ற சொல்லை அடித்தால் கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே. திரையில் தமிழ் தெரியும். எழுத்துருவை மாற்றினால் அம்மா மறைந்து விடுவாள். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதியதை மற்றொன்றில் திறக்க இயலாது. இதை ஒரு குறையாக அன்று எல்லாரும் கருதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாதிருக்க இது நல்ல பூட்டு.

அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் சாவி இன்று எங்கே? அக்காலத்தில் தட்டெழுதிய மலர்கள், ஆண்டறிக்கைகள், கோயில் வெளியீடுகள், பாடநூல்கள் எனப் பலவற்றின் கோப்புகள் இன்னும் பலரிடம் உள்ளன. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் காட்சி தருகின்றன. மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்பதை நினைவில் வைத்திருந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். என் ஆய்வேட்டின் கணினிப் பிரதி எனக்கே படிக்க முடியாத நிலையில் இருக்கிறது. அச்சுப்படி இருப்பதால் பிழைத்தேன்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்று முனைந்தவர்களுள் முன்னின்றவர் நம் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர், சிறுகதை எழுத்தாளர். ‘கணியன்’ அவருடைய ஆக்கம். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய முயற்சியில் தமிழ்ப் பக்கங்களுக்குப் பின்னால் நின்றவர் அவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகக் கூடியது சிங்கப்பூரில்தான். எழுத்துக் குறியீடும் விசைப்பலகையும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதே அங்கு எழுந்த பெரிய கேள்வி. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்ற குறியீடுகளும் முன்வைக்கப்பட்டன. இணைய மடற்குழுக்களில் கூடிய ஆர்வலர்கள் ‘டிஸ்கி’ என்ற மற்றொரு குறியீட்டை வகுத்தார்கள். அதே 1999இல் கோவிந்தசாமி மறைந்தார். அடுத்த ஆண்டு மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. 2001இல் கோலாலம்பூர் அம்மாநாட்டை ஏற்று நடத்தியது.

இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்ற நோக்கோடு யூனிகோட், நாம் வழங்கும் பெயரில் ஒருங்குறி, 1991இலேயே வெளிவந்துவிட்டது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி. இந்திய அரசின் ‘இஸ்கி’ தரத்தை அடியொற்றி வகுக்கப்பட்டது அது.

இங்கே சற்று நின்று ஒரு வழக்கைப் பேச வேண்டும். என் துறையைச் சேர்ந்தவர்களுக்கு ஒருங்குறியின் தமிழ் அட்டவணைமேல் மனத்தாங்கல் உண்டு. நமக்கு எழுத்து 247. அட்டவணையிலோ உயிர்மெய் 216க்கும் தனியிடம் இல்லை. மெய்யெழுத்துக்கும் தனியிடம் இல்லை. அகரமேறிய ‘க’வை எழுதிப் புள்ளியைச் சேர்த்தால்தான் ‘க்’ கிடைக்கும். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்று கற்பிக்கும் இலக்கணத்திற்கு இது தலைகீழ். (வரிவடிவத்தை மட்டும் பார்த்தால் புள்ளி பெறுவது மெய், புள்ளி நீங்கினால் அகரமேறியது என்னும் தொல்காப்பிய முறைக்கு இது ஒத்தே வருகிறது. இதை நான் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.) இன்னும் வேடிக்கை, நம் ஆய்த எழுத்துக்கு அந்த அட்டவணையில் இட்டிருக்கும் பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’. ஆய்தம் விசர்க்கம் அன்று என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆனால் அப்பெயரை இனி மாற்ற முடியாது. ஒருமுறை அட்டவணையில் ஏறிய எழுத்தை இடம் மாற்றுவதோ நீக்குவதோ பெயர் திருத்துவதோ இல்லை என்பது ஒருங்குறியின் கொள்கை.

அனைத்தெழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் ‘டேஸ்16’ என்ற முறை பின்னர் வகுக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றபோது அதனையும் மாற்று முறையாக ஏற்றது. நான் ஒரு காலத்தில் அனைத்தெழுத்து அணியில் நின்றவன். கட்டுரைகள் எழுதினேன், கூட்டங்களில் குரலை உயர்த்தியதும் உண்டு. இன்று அந்தக் கட்சியில் இல்லை. அதன் வாதங்கள் தவறென்று சொல்லவில்லை. பல இன்றும் எனக்குச் சரியாகவே தோன்றுகின்றன. ஆனால் அந்தப் ‘பெயர் மாற்ற முடியாது’ என்ற கொள்கையின் பொருள் எனக்குப் பிந்தித்தான் விளங்கிற்று. இன்று எழுதிய கோப்பை ஐம்பது ஆண்டு கழித்துத் திறப்பவர் அதே எழுத்தைக் காண்பார் என்ற உறுதி அது. என் ஆய்வேட்டுக்கு வாய்க்காத உறுதி. எல்லாரும் ஏற்ற குறையுள்ள அடித்தளத்தின்மேல் வீடு கட்டலாம். யாரும் ஏற்காத நிறைவான அடித்தளம் வரைபடமாகவே நின்றுவிடும்.

இதை வணிகத்தில் செய்து காட்டியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். 1980களில் ‘முரசு’ என்ற சொற்செயலியோடு தொடங்கியவர் அவர். எழுத்துரு, விசைப்பலகை, ஒருங்குறி என அடிநிலை வேலைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 2005இல் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் ‘செல்லினம்’ வந்தபோது மக்கள் அதைப் புதுமை என்றார்கள். புதுமைதான். ஆனால் அதற்கு அடியில் இருபது ஆண்டு வேலை கிடந்தது. அவரோடு ஒரே காலத்தில் எழுத்துரு விற்ற பலருடைய பெயர்கள்கூட இன்று நம் நினைவில் இல்லை.

வணிக நண்பர்களே, இனி உங்கள் பக்கம் வருகிறேன். குறியீட்டுச் சண்டை முடிந்துவிட்டது. இப்போது எல்லாம் ஒருங்குறிதானே, அடித்தளம் போட்டாயிற்றே என்று கேட்பீர்கள். நாடு சாலை போட்டுவிட்டது. உங்கள் கடை வாசற்படி உங்கள் பொறுப்பு.

இடம் ஒதுக்குவதிலிருந்து பார்ப்போம். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறியெண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 15 பைட். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பெயருக்கு 30 பைட் போதும் என்று ஒருவர் தரவுத்தளத்தை அமைத்தால், ‘முத்துலட்சுமி’ என்ற ஏழெழுத்துப் பெயர் 39 பைட் கேட்கும். உள்ளே நுழையும்போது ‘முத்துலட்ச’ என்று வெட்டுப்படும். கடிதம் அப்படியே அச்சாகி வீட்டுக்குப் போகும். பெயரை அரைகுறையாக எழுதி அனுப்பும் காப்புறுதி நிறுவனத்தை அறுபது வயது அம்மையார் எப்படி நம்புவார்?

குறுஞ்செய்தியின் கணக்கும் இதைப் போன்றதே. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள். தமிழ் எழுத்து வந்தால் 70. அதற்கு மேல் போனால் இரண்டு செய்திக்கான கட்டணம். இதை முன்கூட்டி அறியாத ஒரு நிறுவனம் ஆங்கில அறிவிப்பை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பும். மாதக் கடைசியில் கட்டணத்தைக் கண்டு திகைக்கும். பிறகு தமிழ்ச் செய்தியை நிறுத்திவிடும். மீண்டும் மொழியின் கணக்கில் ஒரு செலவு ஏறிற்று. சொல்லைச் சுருக்கி எழுதத் தெரிந்த ஒருவரை முதலிலேயே வைத்திருந்தால் 70க்குள் முடிந்திருக்கும். தமிழ் வேற்றுமை உருபுகள் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கும்.

அகரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறி அட்டவணையின் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது; றகரம் ரகரத்தை அடுத்து; ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால். குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் ‘பனை’ முன்னே வந்து நிற்கும். ‘பழம்’ ‘பவளத்தை’ முந்தும். ‘பகல்’ வந்தபின் ‘பக்கம்’ வரும். அகராதி புரட்டிப் பழகியவர் ‘பக்’ என்பதை முதலிலே தேடுவார். இதற்கான சரியான வரிசை விதிகள் வகுக்கப்பட்டு எல்லாருக்கும் கிடைக்கின்றன. மென்பொருளில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் போதும். தேர்ந்தெடுப்பவர் வேண்டும், அவ்வளவே.

அச்சுக்குப் போகும் பலகைகளையும் விளம்பரங்களையும் பற்றி நீங்களே அறிவீர்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதையும், புள்ளி தனியே வட்டத்தின்மேல் மிதப்பதையும் பார்த்து நாம் கொதித்திருக்கிறோம், நாளிதழுக்கு எழுதியிருக்கிறோம். பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளர் சரியாகவே எழுதியிருப்பார். பக்க வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டியதால் வந்த விளைவு அது. தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளரை நான் குறை கூறமாட்டேன். அச்சுக்கு அனுப்புமுன் தமிழ் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற விதி அலுவலகத்தில் இல்லாததே குறை.

பெயர்களைப் பற்றி ஒரு முழு உரையே நிகழ்த்தலாம். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயர் உண்டு. முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்த படிவத்தில், மகளின் பெயர் ஒரு பெட்டியிலும் தந்தையின் பெயர் மறு பெட்டியிலும் போய் உட்கார, “அன்புள்ள திரு. சுப்பிரமணியம்” என்று மகளுக்குக் கடிதம் வருகிறது. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி எனத் தமிழிலேயே நான்கு; உரோமன் எழுத்தில் அதைப்போல் மும்மடங்கு. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்களில் மற்றொரு கண்ணி. 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து ஒருங்குறியில் சேர்ந்தபின், ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் தோற்றம் ஒன்றே, உள்ளே வேறு வேறு. ஸ்ரீதரன் ஒருவரே இரு வாடிக்கையாளராகப் பதிவாவார். இரண்டு கடிதம் பெறுவார், அல்லது மருந்துக் குறிப்பு ஒன்றிலும் ஒவ்வாமைக் குறிப்பு மற்றொன்றிலுமாகப் பிரிந்து கிடக்கும். நூற்கடையில் இது நகைப்புக்குரியது. மருந்தகத்தில் நகைக்க முடியாது.

இதற்கு மேல் ஒரு படி, சொல்லின் உள்ளமைப்பு. அந்த நூல் விற்கும் தளத்தில் ஔவையாருக்குப் பிறகு ‘காடு’ என்று தேடிப் பார்த்தேன். ‘காட்டில்’, ‘காட்டுக்குள்’ என்று தலைப்பில் இருந்தவை ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் சொல்லின் இறுதியில் ஓர் எழுத்து கூடும், குறையும். அடிச்சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது அடிச்சொல்லே உருமாறும்: வீடு வீட்டில், ஆறு ஆற்றில், மரம் மரத்தில். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இங்கே தோற்கும். என் தலைமுறை மொழியியலார் உருபனியல் பகுப்பாய்வு என்று வகுப்பறையில் செய்து வந்தது இதைத்தான். அது கடைக்குப் பயன்படும் என்று நாங்களும் எண்ணியதில்லை, கடைக்காரரும் எங்களைக் கேட்டதில்லை.

உரையாடு மென்பொருளை ஆதரிப்போர் இங்கே ஒரு நல்ல மறுப்பை எழுப்புவர். “ஐயா, இன்றைய பெரிய மொழி மாதிரிகள் பிழையான எழுத்துக்கூட்டலையும் புரிந்துகொள்கின்றன. காடு, காட்டில் என்ற உறவையும் தாமே அறிகின்றன. இனி எதற்கு இந்தப் பழைய வேலை?” உண்மைதான். அந்த நிறுவனத்தின் மென்பொருளும் ‘ஒளவையார்’ என்று அடித்தால் யாரைச் சொல்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டது. ஆத்திசூடியைப் பற்றி அழகாக இரண்டு பத்தி பேசியது. பேசிவிட்டு, “அந்நூல்கள் எங்களிடம் இல்லை” என்றது! அது போய்க் கேட்டது அதே பட்டியலைத்தான். விற்பனையாளர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் கிடங்குக் கணக்கு தப்பாயின் தப்பையே இனிமையாகச் சொல்வார். முன்பு தேடல் பெட்டி வெறுமனே ‘இல்லை’ என்றது. இப்போது நயமாக ‘இல்லை’ என்கிறது. நயத்தால் நம்பிக்கை கூடும். ஆகவே தீங்கும் கூடும்.

செலவின் பக்கமும் உண்டு. இம்மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக, டோக்கன்களாக வெட்டியே படிக்கின்றன, கட்டணமும் துண்டுக்கணக்கில்தான். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓர் ஒப்பீட்டைத் தந்தது. ஒரே சிறு அறிமுக உரை, பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35. தமிழில் வந்த அந்த மாறுதலைப் பாருங்கள். நான்கு மடங்குக்கு மேல் இருந்த சுமை ஒன்றரை மடங்காகக் குறைந்தது. தமிழ் இடையில் எளிதாகிவிடவில்லை. எழுத்தைத் துண்டாக்கும் அடிநிலை வேலையை ஒருவர் உட்கார்ந்து திருத்தினார். அதற்கு முன்னால் தமிழில் சேவை நடத்திப் பார்த்துக் ‘கட்டுப்படியாகவில்லை’ என்று விட்டவர்கள், தமிழ்தான் விலை கூடிய மொழி என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்கள்.

நம் வட்டாரத்திலும் வேலை நடக்கிறது. ஏஐ சிங்கப்பூர் 2023இல் வெளியிட்ட ‘சீ-லயன்’ மாதிரி தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் கற்றுக்கொண்டது. ஆனால் அத்தகைய மாதிரிக்கு நம் ஊர்த் தமிழை யார் ஊட்டுவது? ஒருங்குறியில் இல்லாத கோப்பு அதற்கு உணவாகாது. 2015இல் தன்னார்வலர்கள் முன்னின்று, ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்க வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த நாளில் அது விழாக்காலப் பரிசு என்றே பலருக்கும் தோன்றியிருக்கும். நான் அதை அடித்தளப் பணி என்பேன். நம் நிறுவனங்களிடமும் தமிழ் உண்டு: விளம்பரம், ஒப்பந்தம், சமையற்குறிப்பு, மருந்துக் கையேடு, வாடிக்கையாளர் கடிதம். அவை எந்த எழுத்துருவில், எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் எல்லா அடித்தளமும் முடியும்வரை புதுமையைத் தள்ளிப்போடவா சொல்கிறேன்? இல்லை. அப்படிக் காத்திருந்தால் செல்லினமும் வந்திராது. அடித்தளம் முழுமையாவதே இல்லை. இலக்கணம் எழுதி முடித்த மொழி உண்டா? நான் கேட்பது வரிசையைத்தான். தொல்காப்பியர் எழுத்தை முதலில் வைத்துச் சொல்லையும் பொருளையும் பின்னர் வைத்தார். பொருளதிகாரம் சுவையானது என்பதற்காக யாரும் எழுத்ததிகாரத்தைக் கிழித்துப் போடவில்லை. உரையாடு மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குமுன், உங்கள் பதிவேட்டில் ஔவையார், சௌந்தரம், ஸ்ரீதரன், முத்துலட்சுமி என்ற நான்கு பெயர்களையும் எழுதி, சேமித்து, மறுநாள் தேடிப் பாருங்கள். நான்கும் முழுமையாகக் கிடைத்தால் என் உரையை மறந்துவிட்டு மேலே செல்லலாம்.

அந்த நிறுவனத்திற்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் கேள்வி நேரத்தில் கேட்பீர்கள். அவர்கள் என் பேச்சைக் கேட்டுப் பெரிதாக மனம் மாறவில்லை. உரிமையாளர் கணக்கைப் பார்ப்பவர். ஆனால் திருத்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பது அவருக்குப் பிடித்திருந்தது. பகுதிநேர ஊழியர்களாக இருந்த இரண்டு தொழிற்கல்லூரி மாணவர்களும் நானும் இரண்டு வாரம் உட்கார்ந்தோம். ஒருவர் தமிழ் மாணவி. மற்றவர் மலாய்க்கார இளைஞர், தமிழ் எழுத்து தெரியாதவர். ‘ஒள’ என்று வரும் இடங்களைப் பட்டியலிட்டுத் தந்தவர் அவரே. எல்லாவற்றையும் ‘ஔ’ என்று ஒரே தட்டில் மாற்றிவிடலாமா என்று கேட்டார். கூடாது என்று அந்தப் பெண் தடுத்தாள். ‘ஒளி’யும் ‘ஒளவை’யும் ஒன்றல்ல என்று அவருக்கு விளக்கினாள். எனக்கு வகுப்பறை நினைவு வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்தினோம்.

உரையாடு மென்பொருள் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. தமிழ்ப் பிரிவை மூடும் யோசனையையும் அவர்கள் தள்ளிவைத்தார்கள். இன்றுவரை மூடவில்லை, இனி மூடமாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தேடல் பெட்டியில் எது அடிக்கப்படுகிறது, எது கிடைக்காமல் போகிறது என்ற பட்டியலை மாதந்தோறும் அந்த மாணவிக்கு அனுப்புகிறார்கள். அவள் படிப்பை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சென்ற மாதப் பட்டியலில், கிடைக்காமல் போனவற்றில் முதலிடத்தில் இருந்தது ஒரு சிறுவர் கதைத் தொகுதியாம். இம்முறை எழுத்துப்பிழை இல்லை. நூல் உண்மையாகவே கடையில் இல்லை. அதை வரவழைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.